பெயரும் பிறந்த திகதியும்

2 பெப்ரவரி 2005, புதன்

நேற்றைய பனி உறைந்து வெளிப்படிக்கட்டு கண்ணாடியாகக் கிடக்கிறது. வீட்டுச் சொந்தக்காரன் பனி உருக உப்புப் போடவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் சொல்லிவிட்டேன், இரண்டாம் முறை பிரெஞ்சில். அருமைநாதன் வேலைக்குப் போகும்போது சப்பாத்துக் காலால் பனியை உடைத்து, எனக்கு ஓரமாக ஒரு வழி செய்துவிட்டுப் போனான். இரவு சுணங்குமாம், சாப்பாட்டை மூடி வைக்கட்டாம். நாற்பது வயதாகப் போகிற மகன். எங்கே போகிறாய் என்று கேட்டால் இன்னும் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறான். நான் கேட்கவில்லை.

3 பெப்ரவரி

வரவில்லை. கைத்தொலைபேசி அணைந்திருக்கிறது.

4 பெப்ரவரி, வெள்ளி

லாசாலில் அவன் வேலை செய்யும் தளபாடக் களஞ்சியத்துக்கு அழைத்தேன். புதன் பின்னேரம் மூன்று மணிக்கே வெளிக்கிட்டுவிட்டானாம். அதன் பிறகு வரவில்லையாம். பொலிசுக்குச் சொல்ல ரிசீவரை எடுத்தேன். வைத்துவிட்டேன். பொலிஸ் என்றால் முதலில் பத்திரம் கேட்பார்கள்.

6 பெப்ரவரி, ஞாயிறு

பூசை முடிய, கோவிலில் பழக்கமான யோசெப்பின் என்னை வாசலில் பிடித்துக்கொண்டாள். "எங்கையக்கா மகன்? தவசுகாலம் தொடங்க முந்தியே ஒளிச்சிட்டாரோ?"

ரொறொன்ரோவில் வேலையாக நிற்கிறான் என்றேன்.

"வேலையோ, பொம்பிளை பாக்கவோ?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். கோவில் வாசலில் நின்று பொய் சொன்னது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

8 பெப்ரவரி, செவ்வாய்

சிவராசா வந்தான். அருமைநாதனோடு களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். பனிச் சப்பாத்தோடு கம்பளத்தில் ஏறி நின்றான். கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டு அழுதான்.

அவன் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, இங்கே கனடாவில் அகதியாகக் கேட்கப் புறப்பட்டிருக்கிறாள். புத்தாண்டோடு வந்த சட்டத்தின்படி எல்லைச் சாவடிக்குப் போனால் திருப்பிவிடுகிறார்களாம். அதனால் வயல் பாதையால் நடந்திருக்கிறாள். பனியில் கால் ஏலாமற் போக, இந்தப் பக்கம் காத்திருந்த அருமை வான் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டிப் போய் ஏற்றினானாம். இருவரையும் அமெரிக்க எல்லைப் பொலிஸ் பிடித்துவிட்டது. அவளை ஒரு வண்டியிலும் இவனை இன்னொரு வண்டியிலும் கொண்டுபோனார்களாம்; அவள் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான்.

"நீ ஏன் போகேல்லை?"

"நான் சிட்டிசனுக்குப் போட்டிருக்கிறன், மாமி. அருமைதான் சொன்னவன், நான் அதுக்குப் போடப் போறேல்லைத்தானே, நான் போறன் எண்டு."

"ஆறு நாள், சிவராசா."

"உங்கடை முகத்திலை முழிக்க ஏலாமல் கிடந்தது."

எல்லைக்கு அப்பால் நாட்டுப்புறத்தில் மூன்று மாவட்டச் சிறைகள் உண்டு. எதிலும் இருக்கலாம். மூன்றின் எண்களையும் சிகரெட் பெட்டியின் உட்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

9 பெப்ரவரி, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். முதற் சிறையில் இயந்திரம் பேசியது. இரண்டாவதில் வெளிநாட்டுக்காரரை வைத்திருப்பதே இல்லையாம். மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள். என்னை "ஹனி" என்றாள். திருமதி என்று அழைக்கும்படி சொன்னேன். "சரி, திருமதி ஹனி" என்றாள்.

பெயர் மட்டும் போதாதாம். பெயரும் பிறந்த திகதியும் இரண்டும் பொருந்தினால்தான், ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே சொல்லலாமாம்.

1965 பெப்ரவரி பதினொன்று என்றேன்.

அப்படி எவரும் இல்லை என்றாள்.

10 பெப்ரவரி

முதற் சிறையில் இன்று மனிதர் கிடைத்தார். அதே கேள்வி. அதே திகதி. அங்கும் இல்லை.

11 பெப்ரவரி, லூர்து மாதா திருநாள்

இன்று அவனுக்கு நாற்பது. சமைக்கவில்லை.

14 பெப்ரவரி, திங்கள்

சிவராசா வழக்கறிஞர் ஒருவரிடம் கூட்டிப் போனான். ரஞ்சனா, சென்னைப் பிள்ளை. என்னை "ஆன்ட்டி" என்கிறார், திருத்தத் தெம்பில்லை.

"எந்த ஜெயில்னு மட்டும் தெரிஞ்சா போதும் ஆன்ட்டி, மத்ததை நான் பாத்துக்கறேன். அது தெரியாம ஒரு பேப்பர்கூட போட முடியாது. மூணு நாலு வாரம் இங்க வெச்சிருப்பாங்க. அப்புறம் தெற்கே எங்கயாவது மாத்திடுவாங்க. கனடாவுலேர்ந்து யாரும் கேக்கலைன்னா கொழும்புக்கே ஏத்தி விட்டுடலாம்."

பிறகு கேட்டார்: "டேட் ஆஃப் பர்த் சரியாத்தானே சொன்னீங்க?"

"சரியான திகதிதான் சொன்னேன்."

அவன் கனடாவுக்குக் குடிவந்தபோது இங்கே கொடுத்த பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

16 பெப்ரவரி

மூன்றாவது சிறைக்கு மறுபடி அழைத்தேன். அதே பெண். பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். திகதியையும் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கள் தருவதைத்தான் நான் தட்டலாம், திருமதி. வேறு திகதி ஏதும் இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

அவள் கேட்ட விதத்தில் அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

18 பெப்ரவரி, வெள்ளி

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

1987இல் என் தம்பி எங்களை இங்கே கூப்பிட்டபோது, இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத்தான் தாயோடு சேர்ப்பார்கள் என்றார்கள். அருமைக்கு இருபத்திரண்டு. அவனை விட்டுவிட்டு— அந்த வருசம் அந்த வயதுப் பெடியனை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வருவதென்றால் என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. சமாதான நீதிவான் முன்னால் வேதாகமத்தில் கை வைத்து, அவன் 1967 செப்டெம்பர் மூன்றாம் திகதி பிறந்தான் என்று சத்தியம் செய்தேன். வந்து சேர்ந்த கிழமையே கோவில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றிலிருந்து அந்தத் திகதியை என் வாய் சொன்னதில்லை.

அவனுடைய சாரதிப் பத்திரத்தில் அதுதான். வங்கியில், வேலையில், எல்லாவற்றிலும் அதுதான். குடியுரிமைக்கு அவன் போடாததும் அதனால்தான். "உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சாலும் விசாரிப்பாங்கள் அம்மா. விடுங்கோ."

சிறையில் அந்தச் சாரதிப் பத்திரத்தைப் பார்த்துத்தான் பதிந்திருப்பார்கள்.

மறந்துபோனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். விபூதிப் புதனன்று அந்தப் பெண் கேட்டபோதே தெரியும். ஒன்பது நாள். சிவராசாவுக்கு ஆறு நாள் என்று எண்ணிச் சொன்னவள் நான்.

19 பெப்ரவரி

இன்றும் அழைக்கவில்லை. சனிக்கிழமை அலுவலகம் இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சிறைக்கு என்ன சனிக்கிழமை?

21 பெப்ரவரி, திங்கள்

மூன்றாவது சிறையின் அந்தப் பெண்ணிடம், செப்டெம்பர் மூன்று, அறுபத்தேழு என்றேன்.

தட்டினாள். "இருக்கிறார்" என்றாள்.

கதிரையில் இருந்தேன். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள். தாய் என்றேன்.

"இங்கே தாய் இறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். குடும்பம் என்று எவரும் இல்லையாம்."

"நான் இறக்கவில்லை."

"அது கேட்கிறது, திருமதி" என்றாள்.

சாப்பிடுகிறானா என்று கேட்டேன். அதைச் சொல்ல அனுமதியில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்றுத் தட்டு வெறுமையாகத் திரும்பியது என்றாள்.

என்னை எவரும் விசாரிக்கக் கூடாதென்று என்னைச் சாகடித்திருக்கிறான். அப்படித்தான் நினைக்கிறேன். அழுகை வருமென்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். வரவில்லை. படிக்கட்டுக்கு நானே உப்புப் போட்டேன்.

24 பெப்ரவரி, வியாழன்

ரஞ்சனாவிடம் பத்திரத்தைக் கொடுத்தேன். கிடைத்துவிட்டதா என்றார். கிடைத்தது என்றேன்.

அவன் தனக்கு எவரும் இல்லையென்று சொல்லிவிட்டதால், என் மகன், என்னோடு இந்த வீட்டில் பதினேழு வருசமாக இருக்கிறான் என்று நான் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கனடா திருப்பி எடுக்கும்.

"பர்த் டேட் இந்தப் பேப்பர்ல இருக்கற மாதிரியே போட்டிருக்கேன். ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க ஆன்ட்டி."

படித்தேன். இரண்டு இடத்தில் காற்புள்ளி பிழை, திருத்தினேன். திகதியைத் திருத்தவில்லை. வலது கையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். கையெழுத்து வைத்தேன், முழுப் பெயரும்.

முதல் முறை சத்தியம் செய்தபோது மனம் வருந்தினேன். இன்று இல்லை. வருந்தாமல் போய் சுவாமியிடம் முழங்காலில் நிற்பது அவரை ஏமாற்றுவது. ஆகவே இதற்குப் பாவசங்கீர்த்தனம் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதும் இல்லை. அதில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

7 மார்ச்

பதில் இல்லை.

12 மார்ச்

கனடா எடுக்கிறதாம். ரஞ்சனா சொன்னார். நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

19 மார்ச், சனி

லக்கோல் எல்லையில் அவனைத் தந்தார்கள். சிவராசா காரோட்டினான். அருமை இடுப்புப் பட்டி இல்லாமல் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இந்தக் குளிருக்கை நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"ஏன், செத்தவள் வர ஏலாதோ?"

சட்டைப் பொத்தானைப் பார்த்தான். சிவராசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், பிறகு அழுதான். வயலால் நடந்து வந்த அந்தப் பெண் இன்னும் அங்கே சிறையில்தான். அருமை அவளைப் பற்றித்தான் முதலில் கேட்டான். வீடு வரும்வரை வேறு கதை இல்லை.

வாசலில் மட்டும் கேட்டான்: "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பெயரும் பிறந்த திகதியும் சொன்னனான்."

குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். "சரி" என்றான்.

27 மார்ச், உயிர்த்த ஞாயிறு

கோவில் நிறைந்து சனம் சுவரோரமும் நின்றது. அருமை எனக்குப் பக்கத்தில், புதிய பட்டியோடு. நன்மை வாங்க வரிசை வரிசையாக எழும்பிப் போனார்கள். எங்கள் முறை வந்ததும் அவன் எழுந்து, நானும் எழும்புவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனான்.

யோசெப்பின் என் தோளில் தொட்டாள். "என்னக்கா, எழும்பேல்லையோ? கால் ஏலாதோ?"

"கால் நல்லாயிருக்கு" என்று சொல்லி, அவள் போக முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு இருந்தேன்.