ஸ்பேனர் இல்லாமல் மாட்டும் முனை

தென்னை உச்சியில் இருந்துகொண்டு ஊரே கேட்க என்னைக் கூப்பிடும் என் அம்மாவுக்கு,

உன் ஸ்பேனரின் பிடியில் துணி சுற்றியிருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். என் பழைய பள்ளிச் சீருடைத் துணி. மடங்காத விரலுக்கும் பிடி கிடைக்கட்டும் என்று தடிமனாகச் சுற்றி, நூலால் கட்டியிருக்கிறாய். கட்டை விரல் அவ்வளவு வலித்ததா அம்மா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நீ சொன்னது வேறு. "மரத்துக்கு மரம் இந்த நட்டைக் கழட்டி மாட்டறதுக்குள்ள பொழுதே போயிருது கண்ணு. ஸ்பேனர் இல்லாம மாட்டற மாதிரி உங்க பட்டறைல ஒண்ணு செய்யச் சொல்லேன். சோம்பேறித்தனம்னே வெச்சுக்கோ."

நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மரமேறும் மெஷினின் உயிரே மரத்தைச் சுற்றிப் போகிற அந்தக் கம்பிக் கயிறுதான். மரத்தின் பருமனுக்குத் தக்கபடி அதன் முனையை நகர்த்தி, நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். அந்தக் கயிறுகளைத்தான் மதுக்கரை ரோட்டுப் பட்டறையில் நாங்கள் செய்கிறோம். ஆனாலும் ஒன்பதாவதோடு நின்ற எனக்கு, அங்கே பாகங்களுக்குப் படம் வரையும் ரமேஷ் அண்ணனிடம் போய்ப் பேச வாய் வரவில்லை. டீ டம்ளரோடு அவர் மேசையருகில் சும்மா நின்றேன்.

"என்ன அம்மணி, டீ ஆறுது?"

திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

கயிற்றின் நுனியில் ஓர் உலோகக் குமிழை அழுத்திப் பொருத்தினோம். மெஷினின் சட்டத்தில், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக வரிசையாகத் துளைகள். குமிழை அகலத்தில் நுழைத்து இழுத்தால் குறுகலில் போய் மாட்டிக்கொள்ளும். பலம் சோதிக்கும் இழுவை மெஷினில் போட்டுப் பார்த்தோம். குமிழ் அசையவில்லை, கைதட்டினோம். அண்ணன் மட்டும் கயிற்றைத் தளரவிட்டு உலுக்கினார். குமிழ் நழுவி வெளியே விழுந்தது.

"ஏறும்போது ஒவ்வொரு எட்டு வெக்கறப்பவும் கயிறு தளருமில்ல? இது ஆவாது."

உன்னிடம் வந்து சொன்னேன். "அதையே கொண்டா, நான் பாத்துக்கறேன்" என்றாய். மாட்டேன் என்றேன்.

"ஊருக்கெல்லாம் செஞ்சுபோட்டுக் கடைசியா எனக்குத் தருவியாக்கும்?"

அன்றைக்குச் சோறு போட்டாய்; என் முகத்தைப் பார்க்கவில்லை.

குமிழ் திரும்பி வராமல் தடுக்க ஒரு ஸ்பிரிங் நாக்கு வைக்க வேண்டியிருந்தது. அது சரியாக வருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. மரத்திலிருந்து விழுந்தாயா என்று கேட்பவர்களிடமெல்லாம், எந்த மரமும் உன்னைத் தள்ளவில்லை என்று சொல்லி அலுத்துவிட்டேன்.

வலி தெரிந்திருந்தால் அந்த முதல் முனையைக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் கூட வந்து நட்டையாவது முடுக்கித் தந்திருப்பேனே அம்மா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே?

புது முனையில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டோம், தளரவிட்டோம், உலுக்கினோம். நாக்கு விடவில்லை. இனி ஆள் ஏறிப் பார்ப்பதுதான் பாக்கி. "யாரு ஏறறீங்க?" என்றார் அண்ணன்.

"நானுங்க."

"சத்தமாச் சொல்லு அம்மணி."

இன்னொரு தடவை சொன்னேன்.

இன்று காலை, நீ ஏறிய அதே கிணத்துக்கடவுத் தோப்பு. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்; காப்புக் கயிற்றை அண்ணனே பிடித்துக்கொண்டார். தோப்புக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார்.

"ஏனுங் அம்மணி, உங்கம்மா பாதி மரத்துல நின்னுட்டுக் கூலி பேசுவாங்க. நீங்க கீழ நின்னாலே பேச மாட்டீங்களே!"

சிரிப்புத்தான் முதலில் வந்தது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அம்மா. இந்த முனையைக் கேட்டு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், மரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன்.

புது முனை பொருத்திய உன் மெஷினின் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தேன். குமிழைத் துளையில் விட்டு இழுத்தேன், நாக்கு விழுந்தது. துணி சுற்றிய ஸ்பேனரை மரத்தடியில் வைத்துவிட்டு, வலது காலை மிதியில் வைத்தேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்த,
உன் மகள்