இடது விலாவுக்குக் கீழே

பாலோ,
5-3-1934

மகன் தங்கராஜுவுக்கு உன் தகப்பன் எழுதுவது. உன் அம்மாவும் தங்கை செல்லமும் மூன்று பசுக்களும் சுகம். என் சுகத்தை நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

உன் கடிதம் வந்தது. ஜொகூர்பாரு வாலிபர் கழகத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களின் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். உன் இடத்தில் ஆடுகிற அர்ச்சுனனுக்குப் பல்வலி என்றால் உன்னைக் கூப்பிடுகிறார்களாம். பல்வலி தீர்ந்ததும் போய் உட்கார் என்கிறார்களாம். பந்து விளையாடப் போகாதே என்று சொன்னவன் நான்தான். இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் போனவனை ஏன் வெளியே நிறுத்துகிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்தக் காரியதரிசி மூர்த்தி என்னதான் பார்க்கிறார்? தோட்டத்தில் பிறந்தவன் என்றால் எல்லாருக்கும் இளப்பம். முப்பது வருஷமாகப் பார்த்துவிட்டேன், எனக்குப் புதிதில்லை.

நீ பேக். கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிப்பது உன் வேலை. நீ மறித்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தோட்டத்து மைதானத்தின் ஓரமாகச் சைக்கிளை நிறுத்துவேன். ஒரு நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகன் பூட்ஸ் போட்டு உதைத்த பந்தை நீ வெறுங்காலோடு ஓடி வந்து வயிற்றைக் கொடுத்து நிறுத்தினாய். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை தூக்க வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மளிகைக்கடை ஜமால் சரக்கு எடுக்க அங்கே வந்தவர் உன் அறைக்கும் வந்திருக்கிறார். நேற்றுப் பால் ஊற்றப் போனபோது அவர் சொன்னது இது: "அலமாக், அய்யாவு! உம்ம புள்ள நடு வெயில்ல கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருக்கான். பல்லு தாளம் போடுது. என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்ல பாய், அப்பாகிட்ட சொல்லிடாதீங்கங்கிறான். சொல்லாதேன்னு சொன்னானே, அதான் கடையத் தொறந்ததும் மொதல்ல உம்மகிட்ட சொல்றேன்."

உன் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறதா? முதலில் குளிர், பிறகு காய்ச்சல், பிறகு வேர்வை, அப்படியா? கொய்னா மாத்திரையை விழுங்குகிறாயா, சின்ன வயதில் செய்ததைப் போல யாரும் பார்க்காதபோது துப்புகிறாயா? இவற்றுக்குப் பதில் எழுது. பதில் எழுதும்வரை பந்தைத் தொடாதே.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். ஜமால் அடுத்த தடவை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

மா. அய்யாவு


பாலோ,
14-3-1934

தங்கராஜுவுக்கு, தகப்பன் எழுதுவது.

உன் பதிலைச் செல்லம் சத்தமாகப் படித்தாள். எனக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் அவள் படிக்கட்டும் என்று கொடுத்தேன். அர்ச்சுனனுக்குக் கால் பிசகிவிட்டது, இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை கோப்பை ஆட்டம், எதிர் அணி சிப்பாய்கள், மூர்த்தி என் பெயரைச் சொல்லிவிட்டார், அன்றைக்கு நன்றாக நின்றுவிட்டால் அந்த இடம் இனி எனக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். செல்லம் துள்ளினாள். காய்ச்சலைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரு வரி. சும்மா குளிர்க் காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம், கட்டிக்குத்தான் சின்ன வயதிலேயே சூடு போட்டாயிற்றே என்று.

அந்த வரியைக் கேட்டு உன் அம்மாவுக்கு நிம்மதி வந்துவிட்டது. எனக்கு இருந்த நிம்மதியும் போய்விட்டது.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அப்போது நாம் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தோம். மாதம் ஒரு தடவை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பிள்ளைகளை வரிசையாகப் பலகையில் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கிப் பார்ப்பார். அடிக்கடி காய்ச்சல் வருகிறவர்களுக்கு அங்கே மண்ணீரல் வீங்கியிருக்கும். அதைத்தான் நாம் கட்டி என்கிறோம். உன் முறை வந்தபோது அவர் விரல் நின்றுவிட்டது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கையில் தட்டுப்பட்டது, அடுப்பில் வைக்கிற கல்லைப் போல. உன் அம்மா அன்றைக்கே உன்னைச் சூடு போடுகிற கிழவி வெள்ளையம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவள் கம்பியைக் காய்ச்சி மூன்று கோடு இழுத்தாள். நீ கத்தியது மூன்றாவது லயம்வரை கேட்டது. அதே சமயத்தில்தான் தோட்டத்தில் சதுப்பைத் தூர்த்தார்கள், தினமும் கொய்னா கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். காய்ச்சல் நின்றது. பெயர் வெள்ளையம்மாவுக்குப் போயிற்று.

சூட்டில் வெந்தது உன் தோல்தான். கட்டி உள்ளே இருப்பது. காய்ச்சல் போனால் சுருங்கும், காய்ச்சல் வந்தால் மறுபடியும் வளரும். மேலே இழுத்த கோட்டைப் பார்த்து அது பயப்படாது.

வேலு என்று ஒருவன் என்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். பால் மரம் வெட்டுவதில் அவனுக்கு ஈடில்லை. இரண்டு ஆள் சுமையை ஒற்றையாகத் தூக்குவான். காய்ச்சல் வந்தாலும் வேலைக்கு வருவான். ஒரு நாள் பால் நிறுக்கும் இடத்தில் கங்காணியின் மகன் விளையாட்டாக முழங்காலால் அவன் வயிற்றில் ஒரு இடி இடித்தான். பகையில்லை, கோபமில்லை, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலு, "ஏய், வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சாயங்கால மணி அடிப்பதற்குள் போய்விட்டான். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அறுத்துப் பார்த்த டாக்டர் துரை, கட்டி உடைந்துவிட்டது என்றார், கிராணி அதைத் தமிழில் சொன்னார். நான் கண்டதைக் கோர்ட்டில் சொன்னேன். சொல்லாதே என்று ஊரே கெஞ்சியது. சொன்னதற்காகத்தான் என்னைத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

விளையாட்டாக இடித்த முழங்காலுக்கே அப்படி. நீ மறிக்கப்போவது பூட்ஸ் போட்ட சிப்பாய்களை.

ஆகையால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து அமுக்கிப் பார்க்கச் சொல். ஒன்றும் இல்லை என்றால் விளையாடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். போய்விட்டு உடனே எழுது. கடிதம் வராவிட்டால் நான் வருவேன். வருவேன் என்று சொன்னால் வருகிறவன் என்பது உனக்குத் தெரியும்.

மா. அய்யாவு


பாலோ,
28-3-1934

தங்கராஜு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்காமல் கிழித்துவிடக்கூடும். அதனால் ஜமாலின் மைத்துனர் முனீருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், நீ பிரிக்காவிட்டால் அவரே பிரித்து உன்னிடம் படித்துக் காட்டுவார். சிங்கப்பூரில் அவர் சாப்பாட்டுக் கடையில்தான் நீ இப்போது சாப்பிடுகிறாய் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தை நீ கேட்கவில்லை.

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ரயில் ஏறினேன். பாடாங் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது நீ காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். கண் மஞ்சளாக இருந்தது. கையைப் பிடித்தேன், கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன், நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகுதான் மூர்த்தியிடம் போனேன். அவர் என்ன சொன்னார்? "பெரியவரே, விசில் ஊதப்போற நேரத்துல வந்து இதைச் சொல்றீங்களே. பையன் கல்லு மாதிரி இருக்கான், அவனுக்குப் போயி நோவா?" என்றார். கல் மாதிரி இருந்தவனைத்தான் நான் தூக்கிப் புதைத்தேன் என்று அவருக்கு எப்படி விளக்குவது? என் வாய்ச்சொல்லை யாரும் நம்பவில்லை. அதனால் உன் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

பின்னால் நின்றவர்களில் ஒருவன், "என்னடா இது, மாட்டுக்குக் குறி போட்ட மாதிரி இருக்கு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கேட்டது. ஒரு வருஷமாக அத்தனை பேர் நடுவில் நீ சட்டையைக் கழற்றாமலே இருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "போங்கப்பா. உங்க தோட்டத்தை இங்கேயும் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க" என்று சொன்னாய். அதுவும் கேட்டது.

சட்டையைத் தூக்கியது தப்பு என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினால் மறுபடியும் தூக்குவேன்.

மூர்த்தி பயந்துவிட்டார். பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் தன் வீட்டுக்குத்தான் வரும் என்று முணுமுணுத்துக்கொண்டே உன் இடத்தில் வேறொரு பையனை இறக்கினார். நீ போய்விட்டாய். நான் போகவில்லை. கடைசிவரை நின்று பார்த்தேன். இரண்டு கோலில் தோற்றார்கள். முதல் கோல் நீ நின்றிருக்க வேண்டிய பக்கமாகத்தான் வந்தது. நீ இருந்திருந்தால் அது போயிருக்காது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். பாதி ஆட்டத்துக்குப் பிறகு, ஆறடிச் சிப்பாய் ஒருவன் பந்தோடு வந்து உன் இடத்தில் நின்ற பையன்மேல் மோதினான். முழங்கால் அவன் வயிற்றில் ஏறியது. இடது பக்கம். பையன் விழுந்தான். புரண்டான். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஓடினான். அவனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, அவன் எழுந்தான். நீயாக இருந்தால் எழுந்திருப்பாயா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழி அதுவல்ல.

நேற்று ஜமால் வந்து, நீ அறையைக் காலி செய்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டாய் என்றார். துறைமுகத்து ஆட்கள் அணியில் பேக் தேடினார்களாம். ஒரே நாள் ஓடவிட்டுப் பார்த்து உன்னை எடுத்துக்கொண்டார்களாம், வருகிற சனிக்கிழமையே ஆட்டமாம். வாலிபர் கழகம் ஒரு வருஷம் தராத இடத்தை இவர்கள் ஒரு நாளில் தந்துவிட்டார்கள். அங்கே உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தவன் யாரும் இல்லை. எந்த மைதானம் என்று ஜமாலுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். முனீர் கடைக்கு வந்து நின்றால் நீ அந்த இடத்தையும் விட்டுப் போய்விடுவாய்.

உன் அம்மா முன்னைப்போல் இல்லை. மைதானத்தில் உன் கை கொதித்ததைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். நேற்று பால் கறக்கும்போது சட்டென்று நிறுத்திவிட்டு, "ஏங்க, அன்னிக்கு சூடு சரியா விழலையோ?" என்று கேட்டாள். தபாலாபீசுப் பையன் சைக்கிள் மணி அடித்தால் இரண்டு பேரும் வாசலைப் பார்க்கிறோம். அவன் தாண்டிப் போன பிறகுதான் அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

உன்னை விளையாடாதே என்று இந்தத் தடவை சொல்லப்போவதில்லை. சொல்லிப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சொல்லவில்லை, நீ போக மாட்டாய். ஒன்றே ஒன்று செய்.

சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை மல்லாந்து படு. முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொள். வலது கை விரல்களை இடது விலாவுக்குக் கீழே, அந்த மூன்று கோட்டுக்கு மேலே வைத்து மெல்ல அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழு. பதின்மூன்று வயதுவரை ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் அப்படித்தான் பார்ப்பேன். கூச்சமாக இருக்கிறதென்று ஒரு நாள் என் கையைத் தட்டிவிட்டாய். அதற்கப்புறம் நான் தொட்டதில்லை.

மூச்சு இழுக்கும்போது விரலில் எதுவும் தட்டுப்படாவிட்டால் போய் விளையாடு. கிழவன் பைத்தியம் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரி, நான் ஒத்துக்கொள்கிறேன். தட்டுப்பட்டால், எந்த ரயிலாக இருந்தாலும் ஏறி வந்துவிடு. ஸ்டேஷனில் நான் இருப்பேன். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

மெதுவாக அழுத்து. அவசரப்படாதே. என் கை என்று நினைத்துக்கொண்டு, இந்த ஒரு தடவை தட்டிவிடாமல் இரு.

அப்பா