சட்டை முதுகில் ஒரு மாவுக் கை

என் தங்கமே, தங்கமணி,

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழையும் வந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் நீ பிழை திருத்துவாய் என்கிற பழைய பயம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்தவன் உன் அண்ணன். இப்போது திருத்த ஆள் இல்லை என்கிற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தைரியம் எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது, அது வேறு விஷயம்.

நாளைக் காலையில் கனி நாமக்கல் போகிறாள். போய்விட்டுத் திரும்பி வருவதற்கு இல்லை. அங்கே ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்கி, ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கப் போகிறாள். "யாரு, நம்ம கனியா?" என்று நீ கேட்டிருக்க மாட்டாய். கேட்டவன் நான்தான். மூன்று வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்கிறாள் உன் அண்ணி சரசு. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கனி என் ஒரே மகள். பிறந்ததிலிருந்தே இரண்டு காலிலும் பலம் கிடையாது. சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். நீ, இந்த மலையிலிருந்து இறங்கிப் போய் இன்டீரியர் டிசைன் படித்த முதல் ஆள். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. டீக்கடையில் யாராவது கேட்டால், "தங்கச்சி ஊட்டுக்குள்ள பார்க்கிற இன்ஜினியருங்க" என்பேன். "அப்ப வெளியே பார்க்கிறது யாருங்க?" என்று ஒருத்தர் கேட்டார். "அதுக்கு வேற ஆளு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோயம்புத்தூரில் நீ செய்த ஒரு பெரிய வீட்டைக் காட்டக் கூட்டிப் போனாய். சோபாவில் உட்காரப் பயந்து நான் நின்றுகொண்டே காபி குடித்தேன். அந்த மாதிரி வீடுகள் உனக்கு வரிசையில் காத்திருந்தபோதுதான் நீ பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தாய். இரண்டே அறை உள்ள வீடுகளுக்கு வேலை செய்யப் போகிறேன் என்றாய். இரண்டு அறைக்குள் என்ன டிசைன்? கட்டிட மேஸ்திரி என் முன்னாலேயே சிரித்தார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

உன் வேலையின் ஆரம்பமே ஒரு கிண்ணம் அரிசி மாவு. வீட்டில் இருக்கிற எல்லோருடைய உள்ளங்கையிலும் மாவைத் தடவிவிட்டு, "உங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்பாய். மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாய். கை காயக் காய மறுபடி மாவு. சாயங்காலம் பார்த்தால் வீடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கை. கதவின் எந்த இடத்தைப் பிடிக்கிறார்கள், எந்தச் சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார்கள், எந்தப் பரணுக்கு எக்குகிறார்கள், எல்லாம் சுவரிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நீ பென்சிலை எடுப்பாய். அதற்கு முன் ஒரு கோடுகூடக் கிழித்து நான் பார்த்ததில்லை.

சுகாதார நிலையத்தில் பிரசவ அறையை மாற்றச் சொல்லி உன்னைக் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? நீ போனதும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாய். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், எழுந்திருக்கவே இல்லை. நர்ஸம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுக்கு எத்தனை மாசங்க?" என்று கேட்டுவிட்டார். படுத்திருக்கிறவளுக்கு டியூப்லைட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று சொல்லி, ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்க வைத்தாய். போன மாதம் சந்தையில் ஒரு பெண் தன் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ பொறக்கிற வரைக்கும் அந்தப் பலாமரத்துல எத்தனை காயின்னு எண்ணிட்டே படுத்திருந்தேன் சாமி." அந்த ஜன்னல் யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கையில் மிளகு மூட்டையோடு நடுச்சந்தையில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று பக்கத்துக் கடைக்காரருக்குப் புரியவில்லை.

ஆனால் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவன் நான்தான். என் வீட்டிலேயே பார்த்தேன்.

கனிக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் மூன்று பேர் கையிலும் நீ மாவு தடவினாய். அன்றைக்கு நான் வேண்டுமென்றே நிறைய இடத்தைத் தொட்டேன், நிறைய வேலை செய்கிறவன் என்று உனக்குத் தெரியட்டுமே! சாயங்காலம் நீ சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தாய். சரசுவின் கை அடுப்படி முழுக்க இருந்தது. என் கை இல்லாத இடமில்லை. கனியின் கை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நீ யோசித்துக்கொண்டே நின்றாய். பிறகு என்னைத் திரும்பச் சொன்னாய்.

என் சட்டை முதுகில், தோளில், கழுத்துப் பட்டையில், எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன மாவுக் கை. பாத்ரூமுக்கு, ஜன்னலுக்கு, தண்ணீருக்கு, எதற்கென்றாலும் நான்தானே அவளைத் தூக்கிக்கொண்டு போவேன்.

"இந்த ஊட்டுல கனி தொடுற சாமான் ஒண்ணே ஒண்ணுதாண்ணா இருக்குது. அது நீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரசுவைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அவளுக்குத் தாகம் எடுத்தா நீங்க காட்டுல இருந்து வர்ற வரைக்கும் என்ன பண்ணுவா?" என்று கேட்டாய். அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் சரசு தண்ணீரில் போட்டுவிட்டாள்.

அப்புறம் நீ இந்த வீட்டைப் புரட்டிப் போட்டாய். அடுப்பு மேடை இறங்கியது. சுவிட்சுகள் இறங்கின. வாசற்படி போய்ச் சரிவு வந்தது. ஜன்னலும், கண்ணாடியும், உப்பு டப்பா வைக்கிற பலகையும் கனி உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு வந்தன. குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு வலி வந்தது. எல்லாம் முடிந்து நீ கோயம்புத்தூர் போயிருந்த வாரத்தில், முன்கதவின் உச்சியில் நான் ஒரு தாழ்ப்பாள் அடித்தேன்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டாய்.

"இது எதுக்குண்ணா?"

"குரங்குத் தொந்தரவு அம்மிணி. கதவைத் தொறந்துட்டு உள்ள வந்துருது."

"குரங்கு ஏறித் தொறந்துக்கும்ணா. இதைத் தொறக்க முடியாத ஆளு இந்த ஊட்டுல ஒருத்திதான்."

தாழ்ப்பாளை நீ கழற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். நாலு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். அந்த நாலு ஓட்டையும் கதவில் இன்னும் இருக்கின்றன. அடைக்க எனக்கு மனசு வரவில்லை.

எதற்காக அடித்தேன் தங்கமணி? குரங்குக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். முதல் தடவை கனி தானாகவே டீ போட்டுக் குடித்த அன்று நான் மரவள்ளிக் காட்டில் இருந்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு "அப்பா" என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியபடி நின்றேன். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் வேலையைப் பார்த்து மலைத்துப்போனவனும் நான்தான், அதன்மேல் பொறாமைப்பட்டவனும் நான்தான்.

நீ போன பிறகு ஏதோ கல்லூரியிலிருந்து ஆறு பிள்ளைகள் கேமராவோடு வந்தார்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "சார், அவங்க பண்ணின டிசைன் எங்க சார் இருக்கு?" நான் திருதிருவென்று விழித்தேன். கனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், ஆறு பேருக்கும் டீ போட்டு, தட்டை மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். போகும்போது அந்தப் பையன் வாசலில் நின்று வீட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

இப்போது நாமக்கல் கதைக்கு வருகிறேன். வேலை கிடைத்த கடிதத்தைக் கனி காட்டியதும் நான் வேண்டாம் என்றுவிட்டேன். எழுபது வளைவு இறங்க வேண்டும், வெயில் ஒத்துக்காது, பஸ்ஸில் ஏற்ற ஆளில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தில் மாவோடு நாற்காலியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கையைக் காட்டுங்கப்பா. இன்னைக்கு ஒரு நாள் அத்தை மாதிரி பார்த்துருவோம்."

சாயங்காலம் சரசுதான் நடுவர். அடுப்பில் கனி கை, சுவிட்சில் கனி கை, ஜன்னல் கொக்கியில், கதவில், அலமாரியில், பாத்ரூம் கம்பியில் எல்லாம் கனி கை. நான் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

"உள்பக்கம் எப்படிங்க இருக்கும்?" என்றாள் சரசு.

"சரி, என் கை எங்கே?" என்றேன்.

கனி நாற்காலியைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் தள்ளுகிற கைப்பிடி இரண்டிலும் மாவு அப்பியிருந்தது. வீட்டில் வேறெங்கும் அவ்வளவு இல்லை.

"நான் ஒரு தடவைகூடத் தள்ளச் சொல்லலைங்கப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாமக்கல்லில் அறை பார்க்கப் போனோம். வீட்டுக்காரம்மா தையல்காரர், கழுத்தில் டேப்பும் காதில் சுண்ணக்கட்டியுமாக வந்தார். ஸ்கூட்டர் ஏற்ற வாசலில் சரிவு இருந்தது. பாத்ரூம் கதவு அகலமாக இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று துழாவிக்கொண்டே போனேன். கடைசியில் கிடைத்தது. அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரே ஒரு தாழ்ப்பாள்தான், அதுவும் உச்சியில்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது சரிப்படாது கண்ணு, ஊட்டுக்குப் போலாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கனியும் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நீ முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பாயே, அதே பார்வை.

"ஏனுங்க, ஸ்க்ரூ டிரைவர் இருக்குங்களா?" என்று கேட்டது என் வாய்தான்.

"மேல இருந்தாத்தானுங்க பாதுகாப்பு, திருடன் பயம் இருக்காது," என்றார் வீட்டுக்காரம்மா.

"நானும் குரங்கை வச்சு இதையேதான் சொன்னேனுங்க. என் தங்கச்சி ஒத்துக்கல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காதிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்துக் கொடுத்தார். கனி கதவருகே போய்க் கையை நீட்டினாள். கை தொட்ட இடத்தில் நான் ஒரு கோடு போட்டேன். அந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை, அரிவாள்மனைதான் இருந்தது. அதனால் வேலை பாக்கி.

தங்கமணி, நீ ஒரு பென்சிலும் ஒரு கிண்ணம் மாவும் வைத்துக்கொண்டு செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் கோட்டைப் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ இந்த வீட்டை மாற்றியபோதே அவளை அடுத்த வீட்டுக்கும் தயார் செய்துவிட்டாயா? அப்போதே உனக்குத் தெரியுமா?

நாளைக்கு வேன் சொல்லியிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை இப்போதே பையில் வைத்துவிட்டேன், கூடவே நாலு ஸ்க்ரூவுக்கு எட்டு ஸ்க்ரூவும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வாசல் சரிவில் கனி ஏறும்போது என் கை இரண்டும் பின்னால் கட்டியிருக்கும். தாழ்ப்பாளைக் கோட்டில் இறக்கிவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். அவள் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தானே தாழ் போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவேன். கேட்ட பிறகு, என்ன ஆனாலும், கதவைத் தட்ட மாட்டேன்.

உன் அண்ணன்,
கனியோட அப்பன்,
பெரியசாமி