உன் அம்மா கடை வாசலில் நின்ற க்யூ

ஹாலிஃபாக்ஸ்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஹெட்டிக்கு, வில்ஃப் மாமா எழுதுவது. நானும் உன் அம்மா முரியலும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே சண்டை பிடிக்கிறது, லீமாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். க்யூவில் நிற்பது என்றால் என்ன என்று உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க வழி கேட்டு அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அவளுக்குப் பேனா பிடிக்க நேரமில்லை, கையெல்லாம் மீனுக்குக் கரைத்த மாவு. ஆகவே நான்காம் வகுப்பை இரண்டு முறை படித்த நானே விளக்குகிறேன்.

எதிரே கிளெமென்ட் கலர் விளக்குப் போட்டு இன்னொரு பொரித்த மீன்கடை திறந்ததிலிருந்து உன் அம்மாவின் மீன்கடைக்கு ஈ கூட வரவில்லை. "இந்தச் சனிக்கிழமையோட மூடிடறேன்டா வில்ஃப்" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை கடை திறக்குமுன் போய்க் கதவைப் பார்த்து நின்றேன், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். அந்த வழியாகப் போன ஆக்ராய்ட் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். எதற்கென்று கேட்கவில்லை, நம் ஊரில் கேட்பார்களா? பிறகு தபால்காரர், பாதிரியார், பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு டிரைவர், அவருக்குப் பின்னால் பயணிகள். க்யூவின் வால் கல்லறைத் தோட்டம் வரை போயிற்று, உள்ளே படுத்திருந்தவர்களில் நாலு பேர் எழுந்து வந்து நின்றதாகவும் கேள்வி. "என்ன தர்றாங்களாம்?" என்று ஒருவர் முணுமுணுக்க, "தெரியலைங்க, இவ்ளோ நீளம்னா நல்லதாத்தான் இருக்கும்" என்றார் பாதிரியார்.

உன் அம்மாவோ கூட்டத்தைக் கண்டு பயந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். பின்வாசலுக்கு ஓடி, "அக்கா, கதவைத் திற, ஊரே பசியோட நிக்குது" என்றேன். "என் மீன் மேல எவன்டா புகார் குடுத்தான்?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். திரும்பி வந்து என் இடத்தில் நிற்கப் போனேன், ஆக்ராய்ட் அம்மா வானத்தைப் பார்த்து இருமினாள். "வால் கல்லறைப் பக்கம் இருக்கு தம்பி" என்றாள். இதை ஆரம்பித்ததே நான் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடுமே, நடந்தேன். வாலில் யார் தெரியுமா? கிளெமென்ட்! என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவன், க்யூவுக்குப் பழகிய கால், அப்படியே நின்றுவிட்டது. கடைசி மீன் அவனுக்குப் போயிற்று. எனக்கு எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சிய மாவுத் துணுக்கு. அன்றிலிருந்து தினமும் கூட்டம்தான், கடையை மூடுகிற பேச்சே இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் சொல், முன்னால் நிற்பவருக்கு ஏதோ தெரியும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்பதுதான் க்யூ, ஆரம்பித்து வைத்தவனுக்கும் சலுகை கிடையாது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, நூறாண்டு நன்றாயிரு. முக்கியமாக, அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. தன் மீன் வாசனைக்குத்தான் ஊர் திரண்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் துணுக்குகூட இலவசமாகத் தருவதில்லை.

வாலில் நிற்கும் உன் மாமா,
வில்ஃப்