ரோட்டுப் பக்கம் தெரியவேண்டிய பெயர்

1952 நவம்பர் 18, செவ்வாய்

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தூக்கம் வரவில்லை.

போன வாரப் புயலில் நெட்டுக்குப்பத்துக் கூரைகள் பறந்துவிட்டன. எங்கள் கம்பெனி ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு தார்ப்பாய் கொடுத்தது. கம்பெனியின் பெயரைப் பெரிதாக எழுதித்தான் கொடுத்தோம். ஒரு பாய் பாதிக் கூரைக்குத்தான் போதும். மழை கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் எல்லோரும் அந்தப் பக்கமே கட்டியிருந்தார்கள்.

நாளைக் காலை மானேஜர் பத்திரிகைக்காரர்களோடு அங்கே போகிறார். ரோட்டோரக் குடிசையிலாவது பெயர் ரோட்டுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக இன்று சாயங்காலம் என்னை அனுப்பினார்.

அந்தக் குடிசைக்காரி செல்லம்மா கைக்குழந்தையோடு வெளியே வந்தாள்.

"பேரு கடலப் பாத்து கீதுன்னா இன்னா நைனா? கட்டுமரத்துல வர்ற எங்காளு தெனம் பாக்கறான்."

"ரோட்டுல போறவங்க பாக்கணுமாம் அக்கா."

"ரோட்டுல போறவனா எங்க வூட்ல படுக்கறான்?"

"ஒரு ராத்திரிதான். நாளைக்கு மத்தியானம் மாத்திக்கலாம்."

"மழையாண்ட சொல்லிட்டியா?"

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். நானே ஏறி அவிழ்த்து ரோட்டுப் பக்கம் கட்டினேன். அவள் தடுக்கவில்லை. குழந்தையை மாற்றிப் படுக்க வைக்க உலர்ந்த மூலை தேடினாள்.

பாய் நல்ல பாய்தான். ஒன்றுமே கொடுக்காத கம்பெனிகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆனால் கொடுத்தது யாருக்கு?

காற்று கடலிலிருந்து அடிக்கிறது. சைக்கிளில் போனால் அரை மணி நேரம். கடல் பக்கம் கட்டிவிட்டு, விடிந்ததும் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது.

அரை மணி நேரமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.