வட்டம் என்றால் ஆம், புள்ளடி என்றால் இல்லை

2009 மே 15, வெள்ளி

எங்கள் கலங்கரை விளக்க வீடியோ விளையாட்டு ஜப்பானுக்குப் போகிறது! ஒன்பதே பேர் வேலை செய்யும் கொம்பனி, நாலு வருட உழைப்பு. வசனமெல்லாம் தோக்கியோவில் மொழிபெயர்த்தாயிற்று. மிச்சம் பொத்தான்கள்தான். ஐரோப்பாவில் ‘X’ போட்ட புள்ளடிப் பொத்தான் ‘ஆம்’, வட்டம் ‘இல்லை’. ஜப்பானில் நேர்மாறு. எங்கள் வாத்திமாரும் பிழைக்குத்தானே புள்ளடி போட்டார்கள்? என்னைக் கேட்டால் ஜப்பான்காரருக்குத்தான் மண்டை சரி.

எல்லாத் திரையிலும் மாற்றியாயிற்றா என்று அழுத்திப் பார்த்து, தாளில் சரி போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. 212 திரை. கடைசிப் பக்கத்தில் பதினாறு மிஞ்சியது. வெளியே வருடத்தின் முதல் நல்ல வெயில். டென்மார்க்கில் அந்த நாளில் கதிரையில் இருக்கிறவருக்கு விசர். பதினாறுக்கும் அழுத்தாமலே சரி போட்டுவிட்டுக் கணவர் பிரெய்னோடு கடற்கரைக்குப் போனேன்.

மே 18, திங்கள்

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறா. அவவின் தம்பி குருசுமுத்து மாமா உள்ளுக்குள்தான் இருந்தவர். நான் வேலைக்குப் போய், தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய? எங்கட சனம் — ஐயோ ஆண்டவரே.

மே 20

முதலாளி ஹென்ரிக் வேண்டிய மட்டும் லீவு எடு என்றார். எடுக்கவில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

ஜப்பான் பிரதியை வீட்டில் பிரெய்ன் விளையாடிக்கொண்டிருந்தார். ‘சேமித்ததை அழிக்கவா?’ என்று வரும் திரை. இல்லை என்பதற்குப் புள்ளடியை அழுத்தினார். எல்லாம் போய்விட்டது. அந்த ஒரு திரையில் மட்டும் பொத்தான் மாறவில்லை.

கடைசிப் பக்கம். என் கையெழுத்து.

ஜப்பானில் எத்தனை பிள்ளைகள் வாரக்கணக்காக விளையாடியதை இப்படி ஒரு அழுத்தலில் அழிக்கப்போகிறார்கள்! அடுத்த வாரம் புதன் அங்கே இறுவட்டு அடிக்கத் தொடங்குகிறார்கள். சொன்னால் தோக்கியோ முழுவதையும் வேண்டாம் என்று விடலாம். அப்புறம் ஒன்பது பேரும் தெருவில். சொல்லாவிட்டால்?

ஜூன் 10

பிரெய்ன் சொல்கிறார்: “தாளிலை பதினெட்டாந் திகதி எண்டுதானே கிடக்கு, எப்சி. அண்டைக்கு மனம் சரியில்லை எண்டு சொல்லு. ஆர் என்ன கேக்கப்போறாங்கள்?”

எனக்கும் அது பிடித்திருந்தது. அதுதான் வெட்கம்.

குசினிக்குள்ளிருந்து அம்மா: “செத்த சனத்தைச் சாட்டுச் சொல்லியோ வேலையைக் காப்பாத்தப் போறியள்?”

சோறு ஆறிப்போனது.

ஜூன் 11, வியாழன்

சொன்னேன். ஹென்ரிக் தாளைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், குரல் இளகியது. “அந்தத் திங்கட்கிழமைதானே? எனக்கு விளங்குகிறது, எப்சிபா.”

தலையாட்டினால் போதும். அவ்வளவு லேசு! கழுத்து தானாகவே ஆடப் பார்த்தது.

“இல்லை. கையெழுத்துத்தான் திங்கள். சரி போட்டது வெள்ளிக்கிழமை. வெயிலுக்கு ஆசைப்பட்டு அழுத்திப் பார்க்காமல் போனேன்.”

அவர் முகம் சிவந்தது. “உன்னை நம்பினேன்” என்றார், அவ்வளவுதான். தோக்கியோவுக்கு நானே எழுதினேன், காரணத்தையும் சேர்த்து. அனுப்பியதும் பசித்தது — மூன்று நாளைக்குப் பிறகு.

ஜூன் 15, திங்கள்

இறுவட்டு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்! வெளியீடு ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. போனால் போகட்டும், கைவிடவில்லை.

அங்கே என் தாளை மறுபடி சரிபார்க்க வேண்டியவர் ஹயாமி என்ற பெண். அவரிடமிருந்து தனியாக ஒரு மின்னஞ்சல்: “நானும் கடைசிப் பக்கத்தை அழுத்திப் பார்க்கவில்லை. டென்மார்க்காரர் பார்த்திருப்பார் என்று சரி போட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.”

காட்டினேன். ஹென்ரிக் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். வேலை போகவில்லை. ஆனால் இனி என் தாளை இன்னொருவரும் பார்ப்பாராம். நியாயம்தான், வாய் திறக்க எனக்கு என்ன முகம்?

ஜூலை 22

மாமா முகாமில். உயிரோடு!

ஒக்டோபர் 8, வியாழன்

இன்று ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. ஹயாமி படம் அனுப்பியிருந்தார். கடைத் தட்டில் எங்கள் பெட்டி, பக்கத்தில் அவருடைய கட்டைவிரல். ஹென்ரிக் கேக் வெட்டினார்.

பின்னேரம் மாமா யாருடையதோ கைப்பேசியில் கதைத்தார். குரல் நூலாகக் கிடந்தது. அம்மா அழுதுகொண்டு என்னிடம் தந்துவிட்டா.

“என்ன வேலை பிள்ளை செய்யிறாய்?”

என்ன சொல்வது அந்த மனிதருக்கு? விளையாட்டுச் செய்கிறோம் என்றேன். சொல்லத் தொடங்கியதும் பிழை, வெயில், ஹயாமி எல்லாம் கொட்டுண்டுவிட்டது. கோபிப்பார் என்று நினைத்தேன்.

“அப்ப இனி அந்தப் பிள்ளையள் சேத்துவைச்சது அழியாதோ?”

“அழியாது, மாமா. நானே அழுத்திப் பாத்தனான்.”

“அது காணும், அது போதும்” என்றார்.