குடோன் வாசம் வீசும் யானை

முதலமடை
9.2.2025

அன்புள்ள அம்மிணி கிருத்திகாவுக்கு,

அண்ணன் மோகனசுந்தரம் எழுதுவது. உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல். போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று சிரிப்பாய். நீ ஜிபினைக் கட்டிக்கொண்டு போன மறுநாள் அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், உன்னோடு பேச மாட்டேன், உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சூடத்தை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நீ மாசமாக இருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து கொல்லங்கோட்டுக் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது வாங்கிவிடுவேன். வீட்டில் வைத்தால் அப்பா கண்ணில் படும். மாங்காய் குடோனில் ஒளித்து வைத்திருந்தேன். மூணாறுக்கு லோடு கொண்டுவரும் சுருளிவேலிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன், உங்கள் ஊர் டீக்கடையில் இறக்கிவிடுவான். பிள்ளைக்கு முதல் விளையாட்டுச் சாமான் தாய்மாமன் கையால் வர வேண்டும். இதையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்பு அண்ணன்,
மோகனசுந்தரம்

சித்திரபுரம்
20.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டியைப் பிரித்து, துணி யானையைக் கையில் எடுத்ததும் அழுதேன். "யானையப் பாத்து யாராச்சும் அழுவாங்களா?" என்று ஜிபின் கேலி செய்தார்.

ஆனால் அண்ணா, பெட்டி முழுக்க மாந்தோப்புக்கு அடிக்கிற மருந்து வாசம். குடோனில் மருந்து டப்பாக்கள் பக்கத்திலேயே வைத்திருந்தீர்களா? டின்சிக்கு எட்டு மாதம். எது கிடைத்தாலும் நேராக வாய்க்குத்தான். யானையைத் துவைத்து வெயிலில் போட்டேன், இந்த மலையில் வெயில் எங்கே வருகிறது! வாசம் போகவில்லை. இழுத்துப் பார்த்ததில் ஒரு பட்டன் கண்ணும் கையோடு வந்துவிட்டது. கிலுகிலுப்பையின் சலங்கையும் ஆடுகிறது. எல்லாவற்றையும் பையில் கட்டி, அவள் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை,
கிருத்திகா

முதலமடை
3.3.2025

கிருத்திகாவுக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அண்ணன் கொடுத்தது வேண்டாம் என்று சொல்ல மருந்து ஒரு சாக்கா? இங்கே நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறோம். டிவிதான் பேசுகிறது. உன் பெயரைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் கிடையாது. குடோனுக்குப் போனால் அந்த யானையை எடுத்துப் பார்ப்பேன். இப்போது அதுவும் இல்லை.

மோகனசுந்தரம்

சித்திரபுரம்
12.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாக்கு சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? தாய்மாமன் சீர் என்று அவள் வாயில் விஷத்தை வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

இங்கே அவளுக்கு ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. மூடி கிடையாது, மூடி விழுந்தால் விரல் நசுங்கும். தரையில் இருப்பதால் அவளே தவழ்ந்து போய் எடுப்பாள். அதில் போடுவதெல்லாம் அவள் வாய்க்குள் போகாத அளவு பெரியது. கயிறு கிடையாது, பேட்டரி கிடையாது, கழன்றுவரும் கண் கிடையாது. மாமன் கொடுத்தது ஒன்றுமே அதில் இல்லையே என்று எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஒரு நடை வாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
கிருத்திகா

டீக்கடை, சித்திரபுரம்
23.3.2025

அம்மிணி,

கடைக்காரரிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன். பாலக்காட்டில் கெட்டியான ரப்பர் வளையம் ஒன்று வாங்கினேன். குடோன் பக்கமே போகவில்லை, கடையிலிருந்து நேராக பஸ் ஏறினேன். இங்கிருந்து உன் வாசல் தெரிகிறது. டின்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டாய். இளைத்துவிட்டாய். கூப்பிட வாயெடுத்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. பிறகு கையை மோந்து பார்த்தேன். காலமெல்லாம் மருந்து கலக்கிய கை. குழாயடியில் எவ்வளவு கழுவியும் வாசம் போன மாதிரி தெரியவில்லை. வளையத்தைக் கடையில் கொடுத்திருக்கிறேன். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

அண்ணன்

சித்திரபுரம்
24.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

"உங்க அண்ணன் அழுதுக்கிட்டே பஸ் ஏறுனாரும்மா" என்று நேற்று டீக்கடைக்காரர் சொன்னார். ரோட்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. கை வாசத்தைப் பற்றியா நான் எழுதினேன்? மண்டு அண்ணா.

வளையத்தைக் கழுவிக் கொடுத்தேன். இப்போது அவள் வாயில்தான் இருக்கிறது. கூடையில் மாமனுக்கும் இடம் வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறச் சொல்ல மாட்டேன். அது எனக்கும் என் வாசலுக்கும்தான். டின்சியோடு பேச மாட்டேன் என்று நீங்கள் சூடம் அணைக்கவில்லையே. அவளோடு என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜிபின் அவளை டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். நான் வர மாட்டேன். வாசலிலும் நிற்க மாட்டேன், என்னைப் பார்த்தால் உங்களுக்குப் பேச்சு வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன்.

பொம்மை ஒன்றும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். அவளுக்குப் பல் முளைக்கிறது. விரலைக் கொடுத்தால் கடிப்பாள். கொஞ்ச நேரம் கடிக்க விடுங்கள்.

உங்கள் தங்கை,
கிருத்திகா